தேரின் பின்பக்க மயில்

ஞாயிறு, 6 ஏப்ரல்
காலையிலேயே மழை. எங்கள் ஊர் செடெனாக் முருகன் கோயில் கொட்டகையில் தேர் விளக்கு ஒத்திகை. பின்பக்க மயில் என் பொறுப்பு. பங்குனி உத்திரம் வெள்ளிக்கிழமை.

மயில் விளக்குகளை இயக்குவது ஒரு எஃப்பிஜிஏ சிப். நாம் எழுதிக் கொடுக்கும் சர்க்யூட்டாகவே மாறிக்கொள்ளும். உள்ளே இடம் தாராளம், அதனால் பன்னிரண்டு விதமாகத் தோகை விரிய வைத்திருந்தேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். (கொஞ்சமா?)

பிறகு ஜெனரேட்டரை அணைத்துப் பெட்ரோல் ஊற்றினார்கள். ஊர்வலத்திலும் அங்கங்கே இப்படித்தான். திரும்பப் போட்டால் மயில் கும்மிருட்டு. கரண்டு போனால் அந்த சிப் எல்லாவற்றையும் மறந்துவிடும். நான் வேலை செய்யும் லேபில் யாரும் கரண்டை அணைப்பதில்லை, எனக்கு அது தோன்றவே இல்லை.

"அலமாக்! இதுக்கு வாடகை லைட்டே மேல் லா." கோயில் தலைவர், தலையில் அடித்துக்கொண்டு.

அப்பா: "வியாழக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. என் மக செஞ்சிருவா."

ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், பாவம். அவர் முகம் சுண்டிப்போனது.

திங்கள், 7
கெலாங் பாத்தா வரை ஜாம். வேலைக்குத் தாமதம். லேப் சீனியர் ஸ்டெல்லா அக்காவிடம் ஒரே புலம்பல்.

"போர்டுல ஃப்ளாஷ் சிப் போடலயா? கரண்டு வந்ததும் அதைப் படிச்சுத்தானே எஃப்பிஜிஏ எழுந்திரிக்கும்."

"அந்த இடத்தைக் காலியா விட்டுட்டேன்க்கா. இப்ப ஆர்டர் பண்ணா அடுத்த வாரம்தான் வரும்."

இழுப்பறையைக் குடைந்து சிபிஎல்டி என்று வேறொரு சிப் எடுத்துக் கொடுத்தார். "சின்னது. ஆனா கரண்டு போனாலும் மறக்காது. போட்ட உடனே வேலை செய்யும்."

சின்னதுதான்! மூன்று விரிப்புக்கு மேல் இடமில்லை. வானவில் தோகையை வெட்டும்போது நெஞ்சே வலித்தது. மதியச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக், சம்பல் வைக்க மறந்துவிட்டார்கள். கடுப்பு.

புதன், 9
முடிந்தது! அக்கா பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். மயில் அசரவில்லை.

வாங்க: கேபிள் டை, கறுப்பு டேப், அம்மாவுக்கு மல்லிகை.

வியாழன், 10
தேரில் மாட்டியாச்சு. தலைவர் பார்த்துவிட்டு, "சரி, பார்ப்போம்." ஆனால் வாடகை விளக்கும் லாரியில் தயார். அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

வெள்ளி, 11
அரை நாள் லீவு. வெயில், கூட்டம், மோர்.

பொழுது சாயும் நேரம், முச்சந்தியில் தேர் நின்றது. பெட்ரோல். ஜெனரேட்டர் அணைந்தது, மயிலும் அணைந்தது. அப்பா மயிலைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

ஜெனரேட்டர் உறுமியது. உறுமிய கையோடு தோகை விரிந்தது! சனம் ஓவென்று கத்தியது. தலைவர் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார்.

அப்பா ஓடிப்போய் அறிவிப்புக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார். "பக்த கோடிகளே! இந்த மயில் என் மக ஜெயந்தி செஞ்சது! எஃப்பிஜிஏ! எஃப்பிஜிஏ!"

வெட்கம், சிரிப்பு, அழுகை, எல்லாம் ஒன்றாக. "சிபிஎல்டிப்பா!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் அவர் காதில் விழவே இல்லை.