கஞ்சித்தொட்டி என்ற நம் வீட்டுப் பெயர்

என் ஆசை அப்பா,

நீங்கள் போன பிறகு உங்களிடம் இப்படிக் கோபமாகப் பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. வாசலில் உங்கள் பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறது: கஞ்சித்தொட்டி ஏகாம்பரம். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தாது வருஷப் பஞ்சத்தில் நம் முப்பாட்டனார் ஊருக்கே கஞ்சி ஊற்றினார், அதனால் வந்த பெயர் என்றுதானே சொல்லி வளர்த்தீர்கள்? பெரியப்பா மகன் சபாபதி அண்ணன் அதைக் கல்லில் வெட்டி, தெருக் கோயில் மண்டபத்தில் பதிக்க ஏற்பாடு செய்தார். "நீதான் ரிட்டயர் ஆயிட்டியே, பெரியவரப் பத்தி நாலு விஷயம் விசாரிச்சுக் குடும்மா, விழாவுல பேசலாம்" என்றார். பெருமையாகத்தான் கிளம்பினேன்.

கஞ்சித்தொட்டி இருந்தது ஓரிக்கையில், பாலாற்றங்கரையில். அங்கே விசாரித்தபோது ஸ்டெல்லா டீச்சர் வீட்டைக் காட்டினார்கள். அவருடைய முன்னோர் நிலமில்லாத கூலிகள். பஞ்சத்தில் அந்தத் தொட்டியை நம்பி நின்றவர்கள். காபி கொடுத்துச் சிரித்துப் பேசிய டீச்சர், நம் வீட்டுப் பெயரைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கமா. எங்க வீட்ல அது திட்டற வார்த்தை. எவனாவது அடுத்தவன் சோத்துல கைய வெச்சா, அவன் கஞ்சித்தொட்டிம்போம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அரிசி சர்க்கார் கொடுத்தது. காய்ச்சி ஊற்றும் பொறுப்பு மட்டும்தான் நம் பெரியவருடையது. அவர் அரிசியை விற்றுவிட்டுத் தவிட்டைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். கேட்டவர்களை அடித்துத் துரத்தியிருக்கிறார். அப்படித் துரத்தப்பட்ட ஒருத்தி, டீச்சரின் வம்சத்துப் பெண், கைப்பிள்ளையோடு ஆற்று மணலில் செத்துக் கிடந்தாளாம்.

நம்ப மனமில்லாமல் உங்கள் தங்கையிடம் ஓடினேன். அத்தை தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நெசந்தாம்மா. உங்கப்பாவுக்கும் தெரியும். இன்னாத்துக்குக் கிளறிக்கினுன்னு உட்டுட்டோம்."

தெரியுமா அப்பா? தெரிந்துமா பொங்கலுக்குப் பொங்கல் அவருக்குப் படையல் போட்டு, எங்களை விழுந்து கும்பிடச் சொன்னீர்கள்? பஞ்சத்தில் ஊரே தறியை விற்ற வருஷத்தில் நம் வீட்டுக்கு மாடி எழும்பியதைப் பெருமையாகச் சொல்வீர்களே, அப்போது உங்களுக்கு நாக்கு கூசவில்லையா? நான் அந்த மாடியில்தான் பிறந்தேன் என்பதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கல்லு வெட்டியாச்சும்மா. இன்னும் நூறு வருஷம் போனா, கல்லுல இருக்கறதுதான் நெசம்."

பெரியவர் செய்ததைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் அருவருக்க வைத்தது. விழாவன்று பேச அழைத்தார்கள். கேட்டதை அப்படியே சொன்னேன். பாதியில் மைக்கை நிறுத்தினார்கள். உரக்கப் பேசி முடித்தேன். உறவுக்காரர்கள் எழுந்து போனார்கள், தெருக்காரர்கள் போகவில்லை. "பொய்யின்னு தெரிஞ்சப்புறம் சாமி எதிர்ல எப்படிபா வெக்கறது?" என்று கோயில் தர்மகர்த்தா கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து நம் வீட்டில் அத்தையைத் தவிர யாரும் என்னோடு பேசுவதில்லை.

தை மாதம் என் மகனுக்கு, உங்கள் பேரனுக்கு, கல்யாணம். பத்திரிகையில் உங்கள் பெயர் இருக்கும், அந்த வீட்டுப் பெயர் இருக்காது. ஏன் என்று அவன் கேட்டால், ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன். தாத்தாவுக்கும் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அது சத்தியம்.

இன்னமும் உங்கள் மூத்த மகள்தான்,
ஏ. தேவகி