பந்து வராத நேரத்து ஆட்டம்

மச்சான்,

இன்று காலை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்ட ஒரு பழைய ஆட்டத்தின் வீடியோவைத் திறந்தேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் நீ தட்டிய வரி அப்படியே இருந்தது: ‘இவன் பந்தைப் பிடிக்கவில்லை, ஆனால் இவனால்தான் அணி ஆறு கஜம் முன்னேறியது.’ அதற்குமேல் முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

சிதம்பரத்தில் உட்கார்ந்து அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு மார்க் போடுகிறோம் என்றால் யார் நம்புவார்கள்? உன் மாமனாரே, “கையில புடிச்சிக்கினு ஓடுறதுக்குப் பேரு கால்பந்தாப்பா?” என்று கேட்டவர்தானே.

அதிலும் ‘டைட் எண்ட்’ என்கிற ஆட்டக்காரனை எடைபோடுவது பெரிய தலைவேதனை. வரிசையின் ஓரத்தில் நிற்பான். ஒரு தடவை ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பான்; மறு தடவை எதிராளியை மறித்து, பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவான். பிடித்தது கணக்கில் ஏறும், மறித்தது ஏறாது. தரப் பட்டியலில் நான் பதினொன்றாவதாகப் போட்ட ஒருவனை நீ இரண்டாவதாக வைத்தாய். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸையும் விட்டுவிட்டு, ஒரே காட்சியை ஒன்பது முறை ஓட்டிக் காட்டினாய். “பந்து வராதப்ப என்ன பண்றான்னு பாரு மச்சான். யார மறிக்கிறான், எவ்ளோ நேரம் தாங்குறான்னு பாரு. பந்து வந்தா எல்லாருந்தான் ஆடுவாங்க.” நான் பட்டியலை மாற்றினேன்.

இவ்வளவும் தெரிந்த நான்தான், ஆள் குறைப்புக்காக நம் குழுவை வரிசைப்படுத்தச் சொன்னபோது, யார் எத்தனை வீடியோ முடித்தார்கள் என்று மட்டும் பார்த்தேன். எல்லோருடைய பிழைகளையும் திருத்திக்கொண்டிருந்த நீ கடைசியில் வந்தாய். நீ திருத்திக்கொடுத்ததை ஒரு வரிக் குறிப்பாக எழுதியிருக்கலாம். எழுதினால், நீ திருத்தியதில் பாதி என் பிழைகள் என்பது வெளியே வந்துவிடும். பயந்துவிட்டேன் மச்சான்.

பட்டியல் போட்டது நான் என்று தெரிந்தும் நீ சண்டைக்கு வரவில்லை. “யாராவது ஒருத்தன் கடைசில நின்னுதான ஆவணும், வுடு” என்றாய். இங்கே வேலை போன பிறகு கடலூரில் வேறு வேலை கிடைத்தது. அவ்வளவு தூரமும் தினமும் பைக்கில் போய்வந்தாய். மூன்றாம் மாதம், புதுச்சத்திரம் தாண்டி, ஒரு லாரி.

காரியத்தன்று உன் மனைவி என்னிடம் வந்தாள். “அண்ணே, அவர வேலய வுட்டு எடுக்கக் கூடாதுன்னு நீங்க எவ்ளோ போராடுனீங்களாம். சொல்லிக்கினே இருப்பாரு” என்றாள்.

இல்லையம்மா என்று நான் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டை ஒத்திக்கு விடலாமா, எல்லாவற்றுக்கும் இப்போது என்னைத்தான் கேட்கிறாள். “அவுரு நம்புன ஆளு நீங்கதாண்ணே” என்கிறாள். ஒவ்வொரு தடவையும், சரிம்மா என்கிறேன்.