ரேடியோவில் ஒரு மௌனம்

செவ்வாய், இரவு. சங்கரன்கோவில்.

பத்து வருடம் டிவி சீரியலுக்கு எழுதிய கைக்கு ரேடியோ மறந்துவிட்டது. சென்னை வேலை போய் ஊருக்குத் திரும்பியபின் கிடைத்த முதல் வானொலி நாடகம். காலையில் தயாரிப்பாளர் முருகன் ஃபோனில் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, கடைசி சீன்ல மக வாசல்ல வந்து நிக்கா, அப்பா கண்ணு கலங்குது, யாரும் பேசலன்னு எழுதியிருக்கிய. கேக்கிறவன் ரேடியோ நின்னு போச்சுன்னு தட்டிப் பாப்பாம்லா?"

சிரித்தேன். ஃபோனை வைத்ததும் அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். சீரியலில் யாரும் பேசாவிட்டால் முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். இங்கே எதைக் காட்ட? இதுவும் கைவிட்டுப் போனால்...

மத்தியானம் முழுக்க அந்த அப்பாவைப் பேச வைத்துப் பார்த்தேன். "வா மக்கா" என்று தொடங்கினாலே பொய்யாக இருந்தது. மகளோடு பேச்சையே விட்ட பிடிவாதக்கார மனுஷன், அப்படிப் பேசமாட்டார்.

சாயங்காலம் நான் எழுதிவந்த அதே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வேறு யாரோ எழுதுகிறார்கள். என் மனைவி செல்வி ஒருநாளும் விடமாட்டாள். இன்று பாதியில் வீடு சட்டென்று அமைதியானது. நிமிர்ந்தேன்.

"நீங்க எழுதுதியன்னுதான் டிவிய அமத்துனேன்" என்றாள்.

அந்த அமைதி எனக்குக் கேட்டது. உடனே மாற்றி எழுதினேன். மகள் கூப்பிடக் கூப்பிட அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். கடைசியில் அணைக்கிறார். அவ்வளவுதான்.

முருகனுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். முடித்தபின் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் ஃபோனைத் தட்டிப் பார்த்தேன்.