துவைக்காத புடவை

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் எழுதுவது. முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நலம்.

போன மாதம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், ஏதோ யோசனையில் வெள்ளை விரிப்புகளைச் சாயத்துணியோடு போட்டுவிட்டேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. மேற்பார்வை அக்கா, "எல்லாத்தையும் மண்டையில சுமக்காதே, எழுதி வை" என்றார். தினமும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, முடித்ததைக் கோடு போட்டு அடிக்கிறேன். மனம் லேசாகிறது.

ஒரு வரியை மட்டும் நாள்தோறும் அடுத்த தாளுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்: அம்மா புடவையைத் துவைக்கணும். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா தள்ளிப் போடுறே?"

"அம்மா போனப்புறம் துவைக்கலக்கா. வாசம் போயிடும்."

"அப்ப அது வேலையே இல்ல" என்று அவரே அந்த வரியை அடித்தார். அன்றுதான் முதல்முறையாக அழுதேன்.

அப்பா, மாத்திரை சாப்பிட்டதும் காலண்டரில் குறித்துவையுங்கள். அம்மாவின் போர்வையைத் துவைத்துவிடாதீர்கள். அழுக்குத்துணி வண்டி வந்துவிட்டது, வேலைக்குப் போகிறேன்.

உங்கள் மகள்