கொடிக்கம்பைப் பிடுங்காமல் ஒரு கார்னர்

என் உயிர் மச்சான் துரைக்கு,

விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன மழைக்காலம் முடிஞ்சு, வெயிலும் வந்தாச்சு. யுத்தம் முடிஞ்சும் ரேஷன் கடை வரிசை குறையல. மந்தைவெளி மைதானத்துல புல்லு காய்ஞ்சு கெடக்குது. இதையெல்லாம் உன்கிட்ட இப்ப எதுக்குச் சொல்றேன்? சொல்ல வந்தது வேற. ஞாயித்துக்கிழமை அடையாறு டீமோட மறு ஆட்டம். இடது பக்கம் கார்னர் கெடைச்சா நான்தான் உதைக்கணுமாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

போன வாரம் நடந்த கூத்து உனக்குத் தெரியாதே. ஆளுக்கு ஒரு கோல், ஆட்டம் முடியப்போற நேரம், இடது மூலையில நமக்குக் கார்னர். பழக்கதோஷம், நான் ஓடிப்போய்க் கொடிக்கம்பைப் பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். நீ பின்னாலேர்ந்து ஓடிவர்றதுக்கு அது இடைஞ்சல்னு எப்பவும் நான் செய்யற வேலைதானே? நம்ம பசங்களும் கோல் கிட்ட அவங்கவங்க இடத்துல போய் நின்னுட்டானுங்க. பந்துகிட்ட ஒருத்தனும் வரல. நீ வருவேன்னு நின்னுக்கிட்டிருக்கேன் மச்சான்! அப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

ரெஃப்ரீ புதுசு. பழையவர் கண்டுக்காம விட்டுடுவாரு, இவரு அப்படியில்ல. "கம்பை நடுய்யா! கார்னர் எடுக்கறப்போ கொடியை நகர்த்தக் கூடாதுன்னு தெரியாதா?"ன்னு கத்தினாரு. நட்டேன். மூலையில போட்டிருந்த கால்வட்டத்துக்குள்ள பந்தை வச்சேன். அடையாறு பசங்க பத்து கஜம் தள்ளி நின்னானுங்க. உதைச்சேன் பாரு, பந்து நாலடி உருண்டு நின்னுடுச்சு. ஆத்திரத்துல ஓடிப்போய் இன்னொரு உதை விட்டேன். அதை நம்ம கோபாலு தலையால கோலுக்குள்ள தள்ளிட்டான்! நாங்க கத்தி முடிக்கல, விசில். உதைச்சவன் வேற யாராவது தொடறதுக்கு முன்னால ரெண்டாந்தரம் தொடக் கூடாதாம். கோல் செல்லாது. ஆட்டம் சமன்.

கார்னர்லேர்ந்து நேரா கோல் விழுந்தாலும் செல்லும்னு ஒரு தபா போட்டே காட்டினியே, அந்தப் பந்தை எப்படிடா வளைச்ச? கம்பைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்ன நான், உன் காலை ஒரு நாளாவது ஒழுங்காப் பார்த்தேனா? கேட்டா சிரிப்ப. இப்ப யார்கிட்ட போய்க் கேக்கறது? சொல்லாமப் போய்ட்டியேன்னு உன்மேல கோவம் கோவமா வருது.

சோறு எறங்கல. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். உன் தங்கச்சி பார்த்துப் பார்த்துப் பொறுக்காம, "இன்னாத்துக்கு இப்டி குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினு கீற?"ன்னா. நடந்ததைச் சொன்னேன்.

"இன்னா ரூலு அது? உதைச்சவன் மறுபடி தொடவே கூடாதா?"

"வேற ஒருத்தர் தொட்டப்புறம்தான் தொடலாம்."

அவ அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டிருந்தா. கை நின்னுது. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ள போயிடறவ, அன்னிக்குப் போகல. "எங்கண்ணன் உதைச்சிட்டுப் போய்டுச்சு. அண்ணனால இனிமே தொட முடியாது. நீ இன்னாத்துக்குக் கம்பைப் புடிச்சிக்கினு நிக்கிற?"ன்னு கேட்டா. கேட்டுட்டு அவளே ஓன்னு அழுதுட்டா. எனக்கும் தாங்கல மச்சான். நீ போன அன்னிக்குக்கூட நான் அப்படி அழல.

மறுநாளிலேர்ந்து விடிஞ்சதும் மைதானத்துக்குப் போறேன். கம்பு நட்டபடியே நிக்குது, அதைச் சுத்தி வந்து உதைக்கறேன். பத்துல ரெண்டு கோல் பக்கம் போவுது, மிச்சம் தெருவுக்குப் போவுது. பால்காரன் திட்டறான்.

ஞாயித்துக்கிழமை பந்து வளையுமா வளையாதா, எனக்குத் தெரியாது. ஆனா கம்புல கை வைக்க மாட்டேன் மச்சான். திரும்பிப் பார்த்துக்கிட்டு நிக்கவும் மாட்டேன். விசில் கேட்டதும் உதைச்சிடுவேன்.

இத்தனை நாள் உனக்குக் கம்பு பிடிச்ச,
உன் தங்கச்சி புருஷன்
சிகாமணி