நெவிலின் தலையைத் தொடும் முன்

அன்புள்ள அம்மாவுக்கு, மூட்டுவலி குறைந்ததா? எனக்கு உடம்பு சுகம், எரிச்சல்தான் தாங்கவில்லை.

இந்த இல்லத்தில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பல் தேய்த்துவிட எங்களுக்குப் பயிற்சி நடக்கிறது. "பின்னாடி நின்னு தலையை நெஞ்சோட அணைச்சுக்கோ, அசெனாகா!" என்று பயிற்சி தரும் டெனிஸ் தினமும் கத்துகிறாள். ஐம்பது வயது நெவிலின் தலையை எப்படித் தொடுவேன்? நம் ஃபிஜியில் யார் தலைக்கு மேலே கைநீட்டும் முன்னும் "துலோ" என்று மன்னிப்புக் கேட்போமே! நெவிலால் பேச முடியாது. டெனிஸ் பிடித்தபோதெல்லாம் பிரஷைக் கடித்துவிட்டார்.

"ஒன் ஊரு மரியாதையில ஈறு ரத்தம் நிக்காதும்மா, புடி!" என்றாள். நேற்று கோபத்தில் அவர் முன்னே குனிந்து, "துலோ, நெவில்" என்று உரக்கவே சொல்லிவிட்டுத் தொட்டேன். மனுஷர் வாயைத் திறந்துவிட்டார்! டெனிஸோ பயிற்சிக் குறிப்பில் எழுதிக்கொள்ளத் தாளை எடுத்துக்கொண்டு, "அத எத்தனை தடவை சொல்லணும்?" என்று கேட்கிறாள். இவளை என்ன செய்ய?

வசிதி அத்தை வரும்போது நீங்கள் காய்ச்சிய தேங்காயெண்ணெய் கொடுத்தனுப்புங்கள். நெவில் மேசையைத் தட்டுகிறார், ஓடுகிறேன். இங்கே என் தலையைத் தொட யாருமில்லை அம்மா, மன்னிப்புக் கேட்டும் சரி, கேட்காமலும் சரி.

அசெனாகா
துவூம்பா