சித்தியிடம் மட்டும் சொன்னது

தங்கைக்கு,

அன்புள்ள என்று எழுத மனம் வரவில்லை. உன் மேல் எனக்கு வயிற்றெரிச்சல். பதினாறு வருஷம் வளர்த்தவள் நான். தூக்கமில்லை, உயிரோடிருக்கவே பிடிக்கவில்லை என்று என் மகள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். மனநல மருத்துவரிடம் நீ கூட்டிப்போயிருக்கிறாய். அவள் பையில் மருந்துச்சீட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"சித்திகிட்ட சொல்ல முடிஞ்சுது, பெத்தவகிட்ட முடியலையா?" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. "நீ வேலை பாக்குற மருந்துக்கடைக்கு இந்த மாத்திரை வாங்க வர்றவங்களப் பத்தி வீட்டுல என்ன சொல்லுவே? 'இன்னைக்கும் ஒரு மறை கழண்ட கேசு வந்துச்சு'ன்னு சிரிப்பியேம்மா. நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன்" என்றாள்.

அன்றிலிருந்து கடையில் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் கை கூசுகிறது.

இருந்தும் பொறாமை போகவில்லை. நேற்று உன்னோடு போனில் பேசிச் சிரித்தாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை டாக்டரிடம் நீயே கூட்டிப்போ. நானும் வரட்டுமா என்று அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது; வேண்டாம் என்றுவிட்டால்? அவளாக "அம்மா வரலையா?" என்று கேட்டால் மட்டும் சொல், நான் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன்.

உன் அக்கா